உங்களுக்குத் தெரியுமா? - நர்ஸ் ஆவதற்கு ஒரு பரீட்சை

அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க 'என்கிளெக்ஸ்' தேர்வில் பாஸாக வேண்டும். அதில் கெட்டிக்காரரும் சுமாராகப் படித்தவரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சரியாக விடை சொல்வார்கள்: பாதிக்குப் பாதி! நீங்கள் ஒரு கேள்விக்குச் சரியாகச் சொன்னால் கம்ப்யூட்டர் அடுத்ததைக் கொஞ்சம் கடினமாகக் கொடுக்கும். தப்பாகச் சொன்னால் கொஞ்சம் எளிதாக்கும். உங்களால் பாதிக்குப் பாதி சமாளிக்க முடிகிற மட்டம் எது என்று தேடிக்கொண்டே போகும். எத்தனை சரி என்பது கணக்கில்லை. எவ்வளவு கடினமான கேள்விகளில் அந்தப் பாதியை எட்டினீர்கள் என்பதுதான் கணக்கு. கல்லூரியில் எண்பது மார்க் வாங்கிப் பழகியவர்கள் தேர்வின் நடுவில் கண் கலங்குவது இதனால்தான். கேள்வி கடினமாகிக்கொண்டே போனால் சந்தோஷப்பட வேண்டும்!

*

குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் 5 மணி. 'இவர் தேறியவர்' என்றோ 'தேறாதவர்' என்றோ 95 சதவீதம் உறுதி வந்ததும் கம்ப்யூட்டர் தானாக நின்றுவிடும். 85-லேயே நின்றால் பாஸ் என்று கோச்சிங் சென்டர்களில் ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். படுதோல்வியும் 85-லேயே தெரிந்துவிடும்.

கேள்விகளில் 15-க்கு மதிப்பெண்ணே கிடையாது. வருங்காலத் தேர்வுகளுக்காக உங்களை வைத்து வெள்ளோட்டம் பார்க்கிறார்கள். அவை எவை என்று யாருக்கும் சொல்வதில்லை. கடந்துவிட்ட கேள்விக்குத் திரும்பிப் போகவும் முடியாது.

*

பாஸானவருக்கு மார்க் கிடையாது. 'பாஸ்', அவ்வளவுதான். தோற்றவருக்குத்தான் எந்தப் பகுதியில் எப்படிச் செய்தார் என்று விவரமான அறிக்கை வரும். "எவ்வளவு மார்க்கும்மா?" என்று கேட்கும் நம்மூர் மாமாக்களுக்கு இதைப் புரியவைப்பது அந்தத் தேர்வைவிடக் கஷ்டம்.

*

1994-க்கு முன் இது இரண்டு நாள் பென்சில் பரீட்சை. ஆண்டுக்கு இரண்டே தடவை நடக்கும்: பிப்ரவரி, ஜூலை. 2023 ஏப்ரல் 1 முதல் புது வடிவம். ஒரே நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கையில் கொடுத்து அடுத்தடுத்து ஆறு கேள்விகள் கேட்கிறார்கள். ஓரளவு சரியாகச் சொன்னாலும் ஓரளவு மார்க் உண்டு. முன்பெல்லாம் 'பொருந்துவன எல்லாவற்றையும் தேர்ந்தெடு' வகைக் கேள்வியில் ஒன்று பிசகினாலும் பூஜ்யம்தான்.

*

நர்ஸ்களுக்குப் பரீட்சை வைத்துப் பதிவு செய்யும் திட்டத்தை மும்முரமாக எதிர்த்தவர் யார் தெரியுமா? ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல்!

1887-ல் இங்கிலாந்தில் எதெல் பெட்ஃபோர்ட் ஃபென்விக் என்பவர் கிளம்பினார். இருபத்து சொச்சம் வயதிலேயே லண்டனின் பெரிய மருத்துவமனை ஒன்றுக்குத் தலைமை மேட்ரனாக இருந்தவர். டாக்டர்களுக்கு இருப்பதுபோல் நர்ஸ்களுக்கும் மூன்று வருஷப் படிப்பு, ஒரு தேர்வு, அரசுப் பதிவேடு வேண்டும், இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு நோயாளி பக்கத்தில் நிற்கலாம் என்பது அவர் வாதம். நைட்டிங்கேல் ஒப்பவில்லை. நல்ல நர்ஸுக்கு வேண்டிய குணத்தையும் கைப்பக்குவத்தையும் எந்தத் தேர்வாலும் அளக்க முடியாது என்றார். ஆளுக்கொரு கட்சி சேர்ந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் இழுத்த சண்டை 1919-ல் சட்டமாகி முடிந்தது. 1910-லேயே காலமான நைட்டிங்கேல் அதைப் பார்க்கவில்லை. பதிவேடு திறந்தபோது முதல் எண் ஃபென்விக்குக்கே கிடைத்தது.

இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு என்பதுதான் சங்கடம்.

*

இங்கிலாந்து இப்படி அடித்துக்கொண்டிருந்தபோது நியூசிலாந்து சத்தமில்லாமல் 1901-லேயே சட்டம் போட்டுவிட்டது. 1902 ஜனவரியில் அங்கே பதிவான எலன் டாஹர்ட்டிதான் உலகின் முதல் பதிவுபெற்ற நர்ஸ். அமெரிக்காவில் முந்திக்கொண்ட மாநிலம் வட கரோலினா, 1903.

*

நம்மூரும் பின்தங்கவில்லை. சென்னை மாகாணத்தின் செவிலியர், தாதியர் சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. அகில இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-ல்தான் வந்தது.

*

இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர் என்கிளெக்ஸ் போலத் தனியாக உரிமத் தேர்வு எழுத வேண்டியதில்லை. பல்கலைக்கழகத் தேர்வில் தேறி, மாநிலக் கவுன்சிலில் பெயரைப் பதிந்தால் போதும். நர்ஸ், மிட்வைஃப் என்று இரட்டைப் பதிவு: ஆர்.என்., ஆர்.எம். எய்ம்ஸ் நடத்தும் 'நார்செட்' வேலைக்கான தேர்வு, உரிமத்துக்கானதல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

*

என்கிளெக்ஸின் பிரபலமான கேள்வி வகை: "நாலு நோயாளிகள். முதலில் யாரிடம் போவீர்கள்?"

ஒருவருக்கு நேற்று ஆபரேஷன் ஆகி வலி. ஒரு சர்க்கரை நோயாளி காலை டிபனுக்குக் காத்திருக்கிறார். ஒருவர் டிஸ்சார்ஜ் எப்போது என்று நச்சரிக்கிறார். நாலாமவர் ஆஸ்துமாக்காரர். விடியற்காலை முழுக்க இளைப்புச் சத்தம், இப்போது சத்தம் அடங்கியிருக்கிறது.

படித்ததை ஒப்பிக்கிறவர் வலிக்காரரிடம் ஓடுவார். ஓட வேண்டியது ஆஸ்துமாக்காரரிடம். மூச்சு சீராகாமலே சத்தம் மட்டும் நின்றுபோனால், மூச்சுக்குழாய் அடைபட்டுக் காற்றே போகவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். இந்தத் தேர்வு அறிவாளியைத் தேடவில்லை. உங்களை நம்பி ஒரு வார்டை விட்டுப் போனால் யாரும் சாகாமல் இருப்பார்களா என்பதை மட்டும்தான் தேடுகிறது. பாடப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் தோற்பதும், சராசரி மாணவிகள் தேறுவதும் எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை.

*

டாக்டர் எழுதிய டோஸ் சரியில்லை என்று தோன்றுகிறது. என்ன செய்வீர்கள்? 'டாக்டர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்' என்று கொடுத்தால் தேர்வில் தோல்வி. மருந்தை நிறுத்திவைத்து, எழுதியவரையே கூப்பிட்டுக் கேட்பதுதான் விடை. நம்மூர் வார்டுகளில் பழகிய நர்ஸ்கள் தடுமாறும் இடங்களில் இது ஒன்று.

உதவியாளரிடம் எந்த வேலையை ஒப்படைக்கலாம் என்பது இன்னொன்று. நிலைமை சீராக இருக்கும் நோயாளியைக் குளிப்பாட்டவும் நடக்க வைக்கவும் சொல்லலாம். நோயாளியின் நிலையை மதிப்பிடுவதும், மருந்தைப் பற்றி விளக்குவதும் நர்ஸ் தானே செய்ய வேண்டியவை. நம்மூரில் குளிப்பாட்டுவது பெரும்பாலும் கூட இருக்கும் சொந்தக்காரர்தான். அமெரிக்கத் தேர்வில் அந்த அத்தைக்கு இடமில்லை.

இன்னொரு வேடிக்கை: அந்தத் தேர்வின் ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறையே கிடையாது. எல்லா உபகரணமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்தவருக்குச் சிரிப்பு வரும்.

*

நம்மூர் பாராசிட்டமால் அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். சால்பூட்டமால் என்றால் ஆல்பியூட்டரால். அட்ரினலின், எபினெஃப்ரின் ஆகிறது. பெத்திடின், மெப்பெரிடின் ஆகிறது. எல்லாம் அதே மருந்துதான். பத்து வருஷ அனுபவக்காரரும் இதை மறுபடி உருப்போட்டே ஆக வேண்டும்.

*

அந்தத் தேர்வுக்குப் படிப்பவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் சில, நம் வீட்டுக்கும் ஆகும். இடது முழங்கால் வலியா? கைத்தடி வலது கையில் இருக்க வேண்டும். மாடி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். 'சி. டிஃப்' என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் வித்துகளுக்கு முன் சானிடைசர் செல்லாது. சோப்பும் தண்ணீரும்தான். ரத்தம் ஏற்றும் அதே குழாயில் குளுக்கோஸ் கூடாது, ரத்த அணுக்கள் சிதையும். நார்மல் சலைன் மட்டும்தான்.

*

2006 ஜூனில் பிலிப்பைன்ஸின் நர்ஸ் உரிமத் தேர்வுக் கேள்வித்தாள் முன்கூட்டியே கசிந்தது. எழுதியவர்கள் நாற்பதாயிரம் பேருக்கு மேல். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் அமெரிக்க அமைப்பு, கசிந்த பகுதிகளை மறுபடி எழுதினால்தான் விசாவுக்கான சான்று என்று சொல்லிவிட்டது. திருடியவர்கள் சிலர், நேர்மையாகப் படித்தவர்களும் சேர்ந்து மாட்டினார்கள்.

*

2023 ஜனவரியில் அமெரிக்காவில் 25 பேர் மீது வழக்கு. ஃப்ளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் சுமார் 7,600 போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டிருந்தன. ஒன்றின் விலை பத்தாயிரம் டாலருக்கு மேல். வார்டில் முறையாகப் பயிற்சி எடுக்காமல், காசு கொடுத்து வாங்கிய தாளோடு போய் உட்கார்ந்தவர்களில் சுமார் 2,400 பேர் என்கிளெக்ஸில் பாஸே ஆகிவிட்டார்கள்! அந்த விசாரணைக்கு அதிகாரிகள் வைத்த பெயர் 'ஆபரேஷன் நைட்டிங்கேல்'. கிழவி இருந்திருந்தால், "அப்போதே சொன்னேனே" என்றிருப்பார்.

*

என்கிளெக்ஸ் முடிந்த கையோடு முடிவை அறிய ஒரு குறுக்கு வழி உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. அதே தேர்வுக்கு உடனே மறுபடி பதிவு செய்து, கார்டு எண்ணையும் கொடுத்துப் பார்ப்பார்கள். 'இப்போது பதிய முடியாது' என்று வந்தால் பாஸாம். பணத்தை எடுத்துக்கொண்டால் ஃபெயிலாம். நம்ப வேண்டாம் என்று தேர்வு நடத்துபவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கட்டணம் 200 டாலர். இரண்டு வேலை நாள் பொறுத்தால் எட்டு டாலருக்கும் குறைவாக முடிவைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த இரண்டு நாள் யாருக்குத் தூக்கம் வருகிறது?