பாட்டி சுட்ட வடையும் பேத்தி சொன்ன கதையும்

பாட்டி வடை சுட்ட கதையைத் தெரியாத தமிழர் உண்டா? உண்டு. என் வீட்டிலேயே ஒருவர் இருந்தார். வயது ஒன்பது. என் பேத்தி.

கொல்கத்தாவில் பிறந்து வளர்கிற குழந்தை. சிண்டரெல்லா தெரியும், ஸ்நோ ஒயிட் தெரியும். அண்டை வீட்டு உபயத்தில் வங்காள ராட்சசிக் கதைகளும் தெரியும். தமிழில் மட்டும் ஒரு கதைகூட முழுதாகத் தெரியாது. குற்றம் குழந்தையுடையது அல்ல. யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டில் அவள் காதில் விழுந்த தமிழ் எல்லாம் "வா", "சாப்பிடு", "பல் தேய்த்தாயா?", "தூங்கு" என்ற அளவில்தான் இருந்தது. கட்டளை இடுவதற்கு ஒரு மொழி, கனவு காண்பதற்கு வேறொரு மொழி என்று ஆகிவிட்டிருந்தது. பிற மாநிலங்களில் வாழும் நம்மில் பலருடைய வீட்டு நிலைமையும் இதுதான் என்று நினைக்கிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மின்சாரம் போய்விட்டது. டி.வி. இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. சரியான சமயம் என்று வடைக் கதையை ஆரம்பித்தேன். காக்கை வடையைத் தூக்கியது, மரத்தில் உட்கார்ந்தது, நரி வந்தது, பாடச் சொன்னது, வடை விழுந்தது. கதை முடிந்தது. "பாவம் காக்கா, ஏமாந்து போச்சு" என்று வழக்கம்போல் முடித்தேன்.

"என்ன தாத்தா பாவம்? காக்காதானே முதல்ல திருடிச்சு? பாட்டிதான் பாவம். பாட்டியைப் பத்தி ஏன் யாருமே கேக்கலை?" என்றாள்.

அறுபது ஆண்டுகளாக இந்தக் கதை எனக்குத் தெரியும். இந்தக் கேள்வி ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை!

ஓநாய் சொன்ன கதை

இப்படிக் கேட்கக் குழந்தைக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று விசாரித்ததில், பள்ளி லைப்ரரியில் அவள் எடுத்துப் படித்த ஒரு புத்தகம் காரணம் என்று தெரிந்தது. மூன்று பன்றிக்குட்டிகளின் கதையை ஓநாயே சொல்வதாக அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஷெஸ்கா 1989-இல் எழுதியது. பாட்டிக்குப் பிறந்தநாள் கேக் செய்ய ஒரு கோப்பை சர்க்கரை கடன் கேட்கத்தான் போனதாம் ஓநாய். ஜலதோஷத்தில் ஒரு தும்மல் போட்டது, வைக்கோல் வீடு விழுந்துவிட்டது. "நான் என்ன செய்வேன்?" என்கிறது. படிக்கிற குழந்தை ஓநாயை நம்புவதா, வேண்டாமா என்று தானே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தெரிந்த கதையைத் திருப்பிப் போட்டு எழுதும் இந்த வகைக்கு இப்போது ஆங்கிலத்தில் நல்ல வரவேற்பு. கனடாவில் ராபர்ட் மன்ஷ் 1980-இல் எழுதிய கதையில், இளவரசனைப் பறக்கும் நாகம் தூக்கிப்போகிறது. இளவரசிதான் மீட்கக் கிளம்புகிறாள். நாகத்தின் நெருப்பில் அவளுடைய ஆடைகள் எல்லாம் எரிந்துவிட்டதால் ஒரு காகிதப் பையை மாட்டிக்கொண்டு போகிறாள். நாகத்தைப் புகழ்ந்து புகழ்ந்தே களைக்க வைத்து இளவரசனை மீட்கிறாள். அவனோ நன்றி சொல்லாமல், "நல்ல உடை உடுத்திக்கொண்டு வா" என்கிறான். இளவரசி அவனைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நமது நரி காக்கையிடம் காட்டிய அதே தந்திரம்தான் இங்கே இளவரசியின் கையில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

"பழைய கதையை இப்படிக் கெடுக்கலாமா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். எது பழைய கதை? சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1697-இல் பிரான்சில் பெரோ அச்சிட்ட வடிவத்தில் ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது. அத்துடன் கதை முடிந்தது, காப்பாற்ற யாரும் வரவில்லை. 1812-இல் ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் வெளியிட்டபோது வேட்டைக்காரன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் மீட்டான். 1982-இல் ரோல்ட் டால் எழுதிய வேடிக்கைப் பாட்டில் சிறுமியே துப்பாக்கி எடுத்து ஓநாயைச் சுட்டு, அதன் தோலில் கோட்டு தைத்துக்கொள்கிறாள். ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய முடிவை வைத்துக்கொண்டது. கதை கெட்டுவிடவில்லை, உயிரோடு இருக்கிறது.

நம் வீட்டுச் சரக்கு

இது ஏதோ மேல்நாட்டுப் புதுமை என்று எண்ண வேண்டாம். வடைக் கதையே திருப்பிப் போட்ட கதைதான். ஈசாப் கதை என்று மேல்நாட்டார் சொல்வதில் காக்கையின் வாயில் இருப்பது பாலாடைக்கட்டி. தமிழ்நாட்டில் அது வடையாயிற்று. வடை சுடுவதற்கு ஒரு பாட்டியும் வந்து சேர்ந்தாள். பிறகு நம் வீட்டுப் பிள்ளைகளே அதற்கு இன்னொரு முடிவும் வைத்தார்கள். நரி பாடச் சொன்னதும், காக்கை வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு "கா... கா..." என்று பாடியது. நரி ஏமாந்து போனது. இதை யார் எழுதினார்கள்? யாரும் இல்லை. வாய்க்கு வாய் வந்தது.

விக்கிரமாதித்தன் கதையைப் பாருங்கள். முருங்கை மரத்திலிருந்து இறக்கிய வேதாளம் ராஜாவின் தோளில் இருந்தபடி ஒரு கதை சொல்லும். கதையின் முடிவில் நீதி சொல்லாது, கேள்விதான் கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். விடை சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மறுபடியும் மரம் ஏறிவிடும். 11-ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலேயே இந்தக் கதைகள் இருக்கின்றன. "இதில் யார் செய்தது சரி?" என்று கேட்பவரையே நீதிபதியாக உட்கார வைக்கும் இந்தக் கலை நமக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம்.

1947 ஜூலையில் சென்னையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய அம்புலிமாமாவை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அதில் வேதாளக் கதைகள் மூலத்தில் உள்ள இருபத்தைந்தோடு நிற்கவில்லை. புதிது புதிதாக மாதம் தவறாமல் வந்துகொண்டே இருந்தன. கையில் வாளும் தோளில் பிணமுமாக நடக்கும் ராஜாவின் படத்தை வரைந்து வந்த ஓவியர் சங்கர் தமது 97-ஆம் வயதில் 2020-இல் மறைந்தார். பத்திரிகை அதற்கு முன்பே நின்றுவிட்டது. இந்தப் பத்திரிகை வங்காளியிலும் வந்ததால், இங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு மொழியில் சண்டை போட்டது இன்னும் நினைவிருக்கிறது.

வங்காளிகளிடம் ஒரு பாடம்

இந்த ஊரில் வாழும் நமக்கு இந்த விஷயத்தில் நல்ல அயலார் வாய்த்திருக்கிறார்கள். தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் கிராமங்களில் கேட்டுத் திரட்டிய பாட்டிமார் கதைகள் 1907-இல் 'தாகுர்மார் ஜுலி' என்று புத்தகமாயின. பாட்டியின் பை என்று பொருள். முன்னுரை எழுதிய தாகூர், பாட்டி கதைகூடச் சீமையிலிருந்து வரும் காலமாகிவிட்டதே என்று வருந்தினார். நமது இன்றைய கவலை அவருக்கு அன்றே இருந்திருக்கிறது.

பழையதைத் திரட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. உபேந்திரகிஷோர் ராய் 1913-இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையைத் தொடங்கினார். பாடத் தெரியாத கூபியும் மத்தளம் வாசிக்கத் தெரியாத பாகாவும் பூதங்களிடம் வரம் பெறும் கதையை அதில் எழுதினார். அவர் பேரன் சத்யஜித் ராய் 1969-இல் அதைப் படமாக்கினார். உபேந்திரகிஷோரின் மகன் சுகுமார் ராயின் கதையிலோ, வியர்வை துடைக்கக் கைக்குட்டையைத் தேடினால் அது பூனையாகி "மியாவ்" என்கிறது! ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை குழந்தைகளின் கற்பனைக்காக உழைத்திருக்கிறது. இன்றும் வங்காளி வீடுகளில் இந்தப் புத்தகங்களைக் குழந்தைகளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறார்கள். நாம் என்ன கொடுக்கிறோம்?

புதிய தமிழ்ப் புத்தகங்கள்

கொடுக்கத் தமிழில் புத்தகம் இல்லை என்று சொல்ல முடியாது. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்கென்று தனியாக பால சாகித்திய விருது வழங்கி வருகிறது. 2014-இல் தமிழுக்கு விருது பெற்றது ஆயிஷா இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்'. பழைய ராஜா புதிய விஞ்ஞானத்துக்கு வந்துவிட்டார். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-இல் விருது பெற்றது. அதில் நம் கொலுப்படியின் மரப்பாச்சி பேச ஆரம்பிக்கிறது. வெளியே சொல்ல முடியாத தொல்லையில் இருக்கும் சிறுமிக்குத் துணை நிற்கிறது. மந்திரக் கதை என்றால் பொழுதுபோக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். மறு ஆண்டு விருது பெற்ற மு. முருகேஷின் புத்தகத் தலைப்பே அழகு: 'அம்மாவுக்கு மகள் சொன்ன உலகின் முதல் கதை'. 2023-இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'க்குக் கிடைத்தது.

தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் குழந்தைகளுக்கு, ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் உள்ள படப் புத்தகங்களைச் சென்னைத் தூலிகா பதிப்பகம் போட்டு வருகிறது. ஊருக்குப் போகும்போது முறுக்கு, அப்பளத்தோடு இவற்றில் நாலைந்தும் பெட்டியில் ஏறட்டும்.

நான் செய்த தவறு

ஆனால் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். என் மகன் ஆறு வயதில் ஒரு குரங்குக் கதையைத் தானே கட்டி எனக்குத் தமிழில் சொல்ல வந்தான். "வாளப்பளம்" என்றான். நிறுத்தி, "வாழைப்பழம்" என்று சொல்லச் சொன்னேன். மறுபடி ஆரம்பித்தான். மறுபடி நிறுத்தினேன். மூன்றாம் தடவை எழுந்து போய்விட்டான். மீதிக் கதையைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் வங்காளியில் சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகக் கேட்டேன். அதற்குப் பிறகு அவன் எனக்குக் கதை சொன்னதில்லை. இன்று நான் தமிழில் பேசினால் எல்லாம் புரிகிறது. பதில் வருவது ஆங்கிலத்தில். ழகரத்தைக் காப்பாற்றப் போய்க் கதையை இழந்தேன்.

ஆகவே, வீட்டில் கதை சொல்லும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் சில யோசனைகள்:

முதலில் மூலக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். தெரியாத கதையைத் திருப்பிப் போட முடியாது. நம் பிள்ளைகள் ஓநாய்க் கதையை ரசிப்பது மூன்று பன்றிக்குட்டிகளை முன்பே தெரிந்திருப்பதால்தான். தெனாலிராமனும் மரியாதை ராமனும் மனத்தில் இருந்தால்தான் அவர்களை வைத்து விளையாட முடியும்.

அடுத்து, ஒன்றே ஒன்றை மாற்றச் சொல்லுங்கள். சொல்பவரை மாற்றலாம்: முயலிடம் தோற்றுக் கிணற்றில் விழுந்த சிங்கம் தன் கதையைச் சொல்லட்டும். முடிவை மாற்றலாம். இடத்தை மாற்றலாம்: லேக் மார்க்கெட் காக்கைக்கு வடைக்குப் பதில் கத்தரிக்காய் பேகுனி கிடைக்கட்டும்.

குழந்தை சொல்லும்போது குறுக்கே திருத்தாதீர்கள். வங்காளியோ இந்தியோ கலந்து வந்தால் வரட்டும். நீங்கள் பதில் சொல்லும்போது சரியான சொல்லைப் போட்டுப் பேசினால் போதும், அது தானே காதில் ஏறும்.

கடைசியாக, "இக்கதையால் விளங்கும் நீதி" என்று முடிக்காமல் வேதாளத்தைப் போலக் கேள்வி கேட்டு நிறுத்துங்கள்.

பேத்தியின் கதை

மின்சாரம் வந்த பிறகும் என் பேத்தி எழுந்திருக்கவில்லை. பாட்டியின் கட்சியில் நின்று தன் கதையை ஆரம்பித்தாள். அந்தப் பாட்டிக்குக் காக்கை தினமும் திருட வரும் என்று தெரியுமாம். அதனால் ஒரு வடையில் மட்டும் மிளகாயை அள்ளிப் போட்டு ஓரத்தில் வைத்தாளாம். காக்கை அதைத்தான் தூக்கியது. நரி வந்து பாடச் சொல்வதற்கு முன்பே காக்கை வாயைத் திறந்துவிட்டது. "ஏன்னா ரொம்ப ஜால்!" என்றாள். காரத்துக்கு வங்காளிச் சொல். "அவ்வளவு காரமா?" என்றேன். "ஆமா, அவ்வளவு காரம்!" என்று தொடர்ந்தாள். விழுந்த வடையை நரி தின்றது, குளத்துக்கு ஓடியது. கடைசியில் பாட்டி இரண்டு பேருக்கும் சர்க்கரை கொடுத்து, "கேட்டிருந்தா நல்ல வடையே குடுத்திருப்பேனே" என்றாளாம்.

பத்து நிமிஷத்துக்கு மேல், தட்டுத் தடுமாறி, தமிழில். அவள் பேசிய மிக நீண்ட தமிழ் அதுதான்.

ஆபீஸிலிருந்து வந்த என் மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், "அந்தக் காக்கா மறுநாள் வந்ததா?" என்று மகளிடம் கேட்டான். தமிழில்தான் கேட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுக் காக்கை என்ன செய்தது? குழந்தைகளைக் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி நம் சங்க இதழுக்கு அனுப்புங்கள். பிழை திருத்த வேண்டாம்.