கொடிமலை ஏறினோம்

தோட்டத் தோழர்களே! சென்ற பள்ளி விடுமுறையில், செபராங் பிறையிலுள்ள ஒரு தோட்டத்துக் குடும்பங்களோடு பினாங்கு கொடிமலைக்குப் போய் வந்தோம்.

ஆயர் ஈத்தாம் அடிவாரத்தில் மலை ரயில் ஏறினோம். 1923-ல் ரயில் ஓடத் தொடங்குமுன், துரைமார் டோலியில் உட்கார்ந்து போனார்கள். தோள் கொடுத்துச் சுமந்தவர்கள் கூலிகள். பழைய ரயிலில் அரை மணி நேரம், நடுவழியில் மாறவும் வேண்டும். 2011-ல் வந்த புது ரயில் பத்தே நிமிடத்தில் உச்சியில் இறக்கிவிடுகிறது.

மேலே சிலுசிலுவென்று காற்று. முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு எட்டிப் பார்த்தால், கீழே ஜார்ஜ் டவுன், சுற்றிலும் கடல், 1985-ல் திறந்த பாலம், அக்கரையில் செபராங் பிறை.

கூட வந்த பாட்டி முப்பது வருஷம் பால் வெட்டியவர். அக்கரையைக் கைகாட்டி, "அங்க நின்னுதாம்பா தெனமும் இந்த மலையப் பாத்தேன். லீவு போட்டா சம்பளம் போயிடும்னு பயந்தே வரல" என்றார். எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

சம்பளம் போகாது, தோழர்களே! 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு 8 நாள், இரண்டு வருஷம் ஆனால் 12, ஐந்து வருஷம் ஆனால் 16 நாள் ஆண்டுதோறும் சம்பளத்தோடு லீவு உண்டு. ஆனால் சொல்லாமல் மட்டம் போடுவது நூற்றுக்குப் பத்து வேலை நாளைத் தாண்டினால், அந்த ஆண்டு லீவு போய்விடும். ஜாக்கிரதை!

இது யாரும் போடும் பிச்சையல்ல. அடுத்த பள்ளி விடுமுறைக்கு இப்போதே கிராணியிடம் லீவு எழுதிக் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப் போங்கள்.