சிவப்பு ஓடு: ஓரிடத்தில் கட்டளை, ஓரிடத்தில் தடை

அமெரிக்காவில் ஒரு வீட்டை அப்படியே பெயர்த்து, லாரியில் ஏற்றி, வேறொரு மனையில் இறக்கி வைப்பது உண்டு. 1960களில் கொலராடோ மாநிலத்தில் ஒருவர் அப்படி ஒரு வீட்டைத் தன் மனைக்குக் கொண்டுவர நினைத்தார். ஸ்பானிய பாணி வீடு. வயது சுமார் முப்பது. சாந்து பூசிய சுவர், சிவப்பு ஓட்டுக் கூரை. அந்தக் குடியிருப்பில் ஏற்கெனவே இருந்தவையோ நவீன ஒற்றைத்தள ‘ராஞ்ச்’ வீடுகளும் அரைத்தள அடுக்கு வீடுகளும் மட்டுமே. பிளானுக்கு ஒப்புதல் தரும் குழுவில் இருந்தவர்கள், இந்த வீடு சுற்றுப்புறத்தோடு ஒட்டாது, அக்கம்பக்கத்து வீடுகளின் மதிப்பும் இறங்கிவிடும் என்றார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1969இல் வந்த தீர்ப்பு வீட்டைக் கொண்டுவரக் கூடாது என்றது.

அதே வீடு கலிபோர்னியாவின் பாலோஸ் வெர்டெஸ் எஸ்டேட்ஸுக்குப் போயிருந்தால் கூரையைப் பற்றி யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1920களில் உருவான அந்தக் கடலோரக் குடியிருப்பின் பெரும்பகுதியில் மத்தியதரைக் கடல் பாணியும் ஓட்டுக் கூரையும்தான் விதி. வரைபடங்களைச் சரிபார்க்க ‘ஆர்ட் ஜூரி’ என்றொரு குழுவை அமைத்தார்கள். மைரன் ஹண்ட் போன்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் அதில் இருந்தார்கள். நூறாண்டு ஆன பின்னும் அந்தக் குழு வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஒரே கூரை, ஓரிடத்தில் கட்டளை, இன்னோரிடத்தில் தடை. அழகைச் சட்டமாக்கினால் இப்படித்தான் ஆகும்.

இந்தச் சட்டத்தை அமல்படுத்துவது அரசு அல்ல, பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் சங்கம். அங்குள்ள நம்மவர் பேச்சில் ‘ஹெச்.ஓ.ஏ.’ இப்படிப்பட்ட சங்கங்களின் கீழ் அமெரிக்காவில் 7 கோடிக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். சேர்வதா வேண்டாமா என்று யாரும் கேட்பதில்லை. நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்ற நிறுவனம் முதலிலேயே நிபந்தனைகளைப் பதிவு செய்துவிடும். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் அவற்றையும் ஏற்றதாகவே பொருள். விற்றாலும் நிபந்தனை மனையை விடாது, அடுத்த உரிமையாளரைப் பிடித்துக்கொள்ளும். இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. லண்டன் லெஸ்டர் சதுக்கத்தின் தோட்டத்தைத் தோட்டமாகவே வைத்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை, அது தெரிந்தே இடத்தை வாங்கியவரையும் கட்டுப்படுத்தும் என்று 1848இல் ஒரு தீர்ப்பு வந்தது.

புது வீடு கட்டுகிறவர் மனையின் வரைபடம், நான்கு பக்க எலிவேஷன், கூரைப் பொருள், வெளிப்பூச்சு வண்ணத்தின் மாதிரி, செடி கொடிகளின் திட்டம் என ஒரு கட்டுக் காகிதத்தைச் சங்கத்தின் வடிவமைப்புக் குழுவிடம் தர வேண்டும். நகராட்சி அனுமதி தனி, அது இருந்தாலும் இது வேண்டும். முன்பக்கச் சுவரில் எவ்வளவு செங்கல், கார் ஷெட்டின் கதவு எந்தப் பக்கம், வீடு குறைந்தது எத்தனை சதுர அடி என்றெல்லாம் விதிகள் இருக்கும். பல இடங்களில் பக்கத்து வீட்டின் முகப்பையே அச்செடுத்தது போலக் கட்டவும் கூடாது. மாறவும் வேண்டும், மீறவும் கூடாது.

இதற்கு ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. பெரும்பாலான குடும்பங்களுக்கு வீடுதான் வாழ்நாள் சேமிப்பு. எதிர்வீட்டுக்காரரின் விநோத ஆசையால் அதன் விலை சரிய யார் சம்மதிப்பார்கள்? நல்ல உதாரணமும் உண்டு. கலிபோர்னியாவின் வடக்குக் கரையில், பத்து மைல் நீளத்துக்குப் பரந்திருக்கும் சீ ராஞ்ச் 1960களில் உருவானது. நிலவடிவமைப்பாளர் லாரன்ஸ் ஹால்ப்ரின் அங்கே காற்றின் போக்கையும் நிலத்தின் சரிவையும் ஆராய்ந்து திட்டம் தந்தார். வண்ணம் பூசாத மரச்சுவர், காற்று பிடித்து இழுக்காதபடி நீட்டல் இல்லாத கூரை விளிம்பு, புல்வெளிக்குப் பதில் அந்த மண்ணின் செடிகள். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் நிலம் சொன்ன ஒரு காரணம் இருந்தது.

ஆனால் வண்ணத்தையும் கூரையையும் காத்த அதே நிபந்தனைப் பத்திரங்கள்தான் மனிதரையும் வடிகட்டின. பாலோஸ் வெர்டெஸ் உட்படப் பல குடியிருப்புகளில், வெள்ளையர் அல்லாதவர் வீட்டு வேலைக்காரராக இருக்கலாமே தவிர, சொந்தமாக வீடு வாங்கிக் குடியிருக்க முடியாது என்று எழுதி வைத்தார்கள். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் சொன்னது. 1968இன் நியாய வீட்டுவசதிச் சட்டம் வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டையே சட்டவிரோதமாக்கியது. ‘இந்தத் தெருவுக்குப் பொருந்தாது’ என்ற சொற்களை இன்றும் சந்தேகத்தோடு கேட்க வேண்டியிருப்பது இந்த வரலாற்றால்தான்.

எனவே சட்டம் மெல்ல மெல்லக் குழுவின் கையைக் கட்டி வருகிறது. கொலராடோ தீர்ப்பே ஒப்புதல் அதிகாரத்தை ஏற்றாலும், மறுப்பு நியாயமாகவும் நல்லெண்ணத்தோடும் இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்தது. 1997இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே போனது. ஒரு புது வீட்டின் பிளானைச் சரியாக விசாரிக்காமல் நிராகரித்தது தவறு என்றதோடு, நிபந்தனைப் பத்திரமே உயர வரம்பைக் குறிப்பிட்டிருக்கும்போது ‘பொருந்தவில்லை’ என்று சொல்லி அதைவிடக் குறைக்க முடியாது என்றது. அந்த முடிவில் பங்கேற்ற உரிமையாளர்களே சொந்தப் பொறுப்பில் இழப்பீடு தர வேண்டியதாயிற்று.

கலிபோர்னியாவில் குழு தன் முடிவை எழுத்தில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மறுபரிசீலனை கேட்கும் வழியையும் காட்ட வேண்டும். அங்கே தண்ணீர் குறைவாகக் குடிக்கும் செடிகளுக்குச் சங்கம் தடை போட முடியாது. சூரிய மின்தகடுகளுக்கு 1978 முதலே சட்டப் பாதுகாப்பு உண்டு. டெக்சாஸ் 2021இல் கொண்டுவந்த திருத்தப்படி, 40 மனைகளுக்கு மேல் உள்ள சங்கங்களில் நிர்வாகக் குழு உறுப்பினரோ அவருடைய கணவன், மனைவியோ வடிவமைப்புக் குழுவில் உட்காரக் கூடாது. விதி போடுகிறவரும் பிளானைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

இத்தனை வழக்குகளும் சட்டங்களும் ஒன்றைத்தான் சொல்கின்றன. தெருவின் அழகைக் காக்கும் உரிமை சங்கத்துக்கு இருக்கட்டும். ஆனால் அளந்து பார்க்கக்கூடிய விதியும், எழுத்தில் தரப்படும் காரணமும் இல்லாத இடத்தில், அது நாலு பேரின் சொந்த ரசனையாகச் சுருங்கிவிடும். ஆகவே அமெரிக்காவில் வீடு வாங்கவோ கட்டவோ போகும் உறவினர் உங்களிடம் யோசனை கேட்டால் இதைச் சொல்லுங்கள்: வாசல் எந்தத் திசை என்று பார்ப்பதற்கு முன் சங்கத்தின் நிபந்தனைப் பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்கட்டும். ஒப்புதல் எழுத்தில் கைக்கு வராமல் அஸ்திவாரக் குழி தோண்ட வேண்டாம்.