உங்களுக்குத் தெரியுமா? வளைந்த வேருக்குள் பொய் சொல்லும் ஊசி

பல்லுக்கொதி தாங்காமல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ ஊரிலுள்ள கிளினிக்குக்கோ போகிறீர்கள். வேர்ச் சிகிச்சை தொடங்கியதும் வைத்தியர் நிறக் கைப்பிடி போட்ட மெல்லிய ஊசிகளை ஒவ்வொன்றாக விடுவார். 'ஃபைல்' எனப்படும் அரங்கள் அவை. நிறம் அழகுக்கல்ல, அளவுக்கு: ஊதா 10, வெள்ளை 15, மஞ்சள் 20, சிவப்பு 25. 15 என்றால் நுனியின் விட்டம் 0.15 மில்லிமீற்றர். நுனியிலிருந்து மேலே ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 0.02 கூடும், ஆகவே 10 மில்லிமீற்றர் மேலே அதே ஊசி 0.35 தடிப்பு. இந்த ஒழுங்கை 1950களின் கடைசியில் முன்மொழிந்தவர்கள் இங்கிள், லெவின் என்ற அமெரிக்கர்கள்.

வேர் முனைவரை போய் முதலில் இறுகும் ஃபைலின் அளவே வேருக்குள் ஓடும் கால்வாயின் அகலம் என்பது பழைய கணக்கு. நேரான வேரில் ஓரளவு சரி. கீழ்க் கடைவாய்ப் பல்லின் முன்வேர் பெரும்பாலும் வளைந்தது. அங்கே ஊசி வளைவிலோ மேற்பகுதியிலோ சிக்கி நிற்கும், நுனி ஒரு சுவரை மட்டும் உரசும், சிலவேளை எதையுமே தொடாது. கைக்கோ இறுகியது போலத்தான் தெரியும்! கால்வாயின் குறுக்குவெட்டு நீள்வட்டமாக இருந்தால் ஏமாற்றம் இன்னும் பெரிது. வளைந்த கீழ் முன்கடைவாய்ப் பற்களில் செய்து 2002இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியது.

அதனால்தான் கால்வாயின் மேல்வாயை முதலில் அகட்டி, ஃபைலின் நுனியைச் சற்று வளைத்து, பிறகு அளக்கிறார்கள். அப்படி அளந்தால் முன்னர் 15இல் இறுகிய இடத்தில் 20ஓ 25ஓ தாராளமாக இறங்குவதுண்டு.