களு கங்கையின் நிறம் சொல்லும் செய்தி

சிவனொளிபாத மலைத்தொடரில் பிறந்து, இரத்தினபுரியின் காடுகளையும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களையும் கடந்து, ஏறத்தாழ 129 கிலோமீற்றர் ஓடிக் களுத்துறையில் கடலைச் சேரும் ஆற்றைச் சிங்களத்தில் களு கங்கை, அதாவது கறுப்பு ஆறு, என்பர். இத்தகைய ஆற்றின் நீருக்கு நிறம் தருபவை பெரும்பாலும் இரண்டு: மண்ணரிப்பாலும் மாணிக்க அகழ்வாலும் மிதந்து வரும் மண்துகள்கள் ஒன்று, நீரோடு இரண்டறக் கலந்து வரும் கரைந்த சேதனப் பொருள் மற்றொன்று. முன்னது நீரைக் கலக்கிப் பின் அடியில் படியும். பின்னது, நீர் தெளிந்திருக்கும்போதே அதை மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஆக்கி, நுண்ணிய வடிதாளில் வடித்தாலும் நீங்காமல் நிற்கும்.

தேயிலையிலிருந்து சாயம் இறங்குவதைப் போன்றதே இதுவும். உதிர்ந்த இலைகளும் வேர்களும் மண்ணில் உக்கும்போது வெளிப்படும் தனின்களையும் உக்கல் அமிலங்களையும் மழைநீர் கரைத்து ஓடைகளில் சேர்க்கிறது. இவற்றின் மூலக்கூறுகள் கழியூதாக் கதிர்களையும் நீல ஒளியையும் மிகுதியாக உறிஞ்சி, சிவப்பு ஒளியைப் பெரிதும் விட்டுவிடுவதால் நீர் பழுப்பாகத் தெரிகிறது. அலைநீளம் கூடக்கூட உறிஞ்சல் குறையும். 275 முதல் 295 நனோமீற்றர் வரையிலான பகுதியில் அது எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறது என்று அளந்தால், அப்பொருளின் பிறப்பிடம் ஓரளவு புலப்படும். சரிவு மெதுவாக இருந்தால் நிலத்திலிருந்து வந்த பெரிய மூலக்கூறுகள் மிகுதி. செங்குத்தாக இருந்தால் வெயிலில் சிதைந்த, அல்லது கடலிலேயே உருவான சிறிய மூலக்கூறுகள் மிகுதி.

இந்த அளவீடு விரிவாகப் பயன்படும் இடங்களுள் ஒன்று ஆர்க்டிக் பெருங்கடல். உலகக் கடல்நீரில் ஏறத்தாழ 1 சதவீதமே கொண்ட அதில் உலக ஆற்றுநீரின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விழுவதால், லேனா, ஓப், யெனிசே, மக்கென்சி ஆகிய ஆறுகள் பனி உருகும் காலத்தில் கொண்டுவரும் நிலத்தின் சாயம் கடலில் நெடுந்தூரம் பரவுகிறது. ஆற்றுநீர் கடல்நீரோடு கலந்து நீர்த்துப்போவது மட்டுமே நடந்தால், உவர்ப்பு ஏற ஏற நிறம் ஒரே நேர்கோட்டில் குறையும். கோட்டிலிருந்து விலகினால், அப்பொருள் உப்பால் திரண்டு படிந்திருக்கலாம், வெயிலில் வெளுத்திருக்கலாம், நுண்ணுயிர்களுக்கு உணவாகியும் இருக்கலாம். நெடுங்காலம் உறைந்து கிடந்த மண் இன்று இளகி, அதில் அடைபட்டிருந்த பழைய காபன் ஆறுகளில் சேர்வதைப் பின்தொடரவும் இத்தகைய அளவீடுகள் உதவுகின்றன.

களு கங்கை பாயும் சப்ரகமுவவில் பனி உருகலின் இடத்தைத் தென்மேற்குப் பருவமழை வகிக்கிறது. அதே நேர்கோட்டுச் சோதனை களுத்துறைக் கழிமுகத்துக்கும் பொருந்தும். மலையில் வாழ்வோருக்கும் இந்த அறிவால் நேரடிப் பயன் உண்டு. சேதனப் பொருள் மிகுந்த நீரில் குளோரின் இட்டால், இரண்டும் வினைபுரிந்து உடல்நலத்துக்கு ஆகாத துணைச் சேர்வைகள் உண்டாகும் என்பதால், அச்சேதனப் பொருளை முன்னரே இயன்றவரை அகற்ற வேண்டியிருக்கிறது. பீலி நீரையும் ஓடை நீரையும் நம்பியிருக்கும் லயன் குடியிருப்புகளில், பழுப்பெல்லாம் அழுக்கென்றும் தெளிவெல்லாம் தூய்மையென்றும் கொள்வது தவறு, நோய்க்கிருமிகளுக்கு நிறமில்லை. கண்ணாடிக் குவளையில் ஓரிரவு வைத்த நீரில் அடியில் படிவது பெரும்பாலும் மலைச்சரிவுகள் இழந்த மண். தெளிந்த நீரில் எஞ்சும் நிறமோ பெரும்பாலும் உக்கிய இலையின் சாறு. முன்னதைத் தடுக்க ஓடையோர மரங்களும் மூடுபயிரும் வேண்டும், பின்னதை நீக்கச் சுத்திகரிப்பு வேண்டும் என்பதால், இவ்விரண்டையும் பிரித்தறிவதே தோட்ட மக்களுக்கு நல்ல குடிநீர் தருவதற்கான முதற்படி.