மழை வந்தால் தானே முளைக்கும் தோட்டம்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டைச் சுற்றி ஒரு விளை இருக்கும். பத்து சென்ட் இருக்கலாம். அரை ஏக்கரும் இருக்கலாம். அதில் என்னென்ன நிற்கின்றன?

உயரத்தில் தென்னை, பலா, அயினி. அவற்றுக்குக் கீழே கமுகு, முருங்கை. பலாவில் ஏறிய நல்லமிளகுக் கொடி. பிறகு வாழை, கறிவேப்பிலை. தரையில் சேம்பு, மஞ்சள், இஞ்சி. மண்ணுக்குள் சேனை, காச்சில்.

காடும் இப்படித்தான் அடுக்கு அடுக்காக இருக்கிறது. ஆகவே இது காட்டைப் போன்ற தோட்டம்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநில எல்லை பிரிந்தது. பாறசாலை கேரளத்தில் நின்றது. பக்கத்து விளவங்கோடு தமிழர் பக்கம் சேர்ந்தது. ஆனால் தோட்டமுறை இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இதனால் என்ன நன்மை?

பெருமழை நேராக மண்ணில் விழுவதில்லை. இலைகள் தாங்குகின்றன. மண் அரித்துப் போவதில்லை. உதிர்ந்த சருகு எருவாகிறது. இங்குள்ள செடிகளில் பல ஒருமுறை நட்டால் பல ஆண்டு இருக்கும். சேம்பு, மஞ்சள் பறிக்கும்போது ஒரு துண்டு மண்ணில் தங்கினால் போதும். அடுத்த மழைக்கு முளைத்துவிடும்.

அயல்நாட்டாரும் பாராட்டினர்

இங்கிலாந்தில் ராபர்ட் ஹார்ட் என்று ஒருவர் இருந்தார். ஆண்டுதோறும் விதைக்கும் காய்கறிப் பாத்தி, கால்நடை எல்லாம் பார்க்க அவருக்கு உடல்வலு போதவில்லை. ஆனால் ஒரு சிறு பாத்தி மட்டும் அதிக வேலை வாங்காமல் தழைத்தது. அதில் பல ஆண்டு வாழும் கீரைகளும் மூலிகைகளும் இருந்தன. அதைக் கண்டு 12 சென்ட் நிலத்தில் ஏழு அடுக்குத் தோட்டம் அமைத்தார். 1991-இல் இதுபற்றி நூல் எழுதினார். கேரளத்து வீட்டுத் தோட்டங்களை எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

நெதர்லாந்து நாட்டுப் பீட் ஊடால்ஃப் பூந்தோட்டம் அமைப்பவர். அவரும் பல ஆண்டு வாழும் செடிகளையே நடுகிறார். நியூயார்க் நகரில் பழைய ரயில் மேம்பாலத்தின்மேல் 2009-இல் திறந்த பூங்காவில் செடிகளைத் தேர்ந்து அமைத்தவர் அவர்தான்.

இன்றைய நிலை

நிலம் பாகம் பிரிந்து சிறுத்துவிட்டது. சிலர் எல்லா மரத்தையும் வெட்டி ரப்பர் மட்டும் வைத்தனர். ரப்பர் விலை விழுந்தால் வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை. ரப்பரைச் சமைத்து உண்ணவும் முடியாது. சிலர் முற்றம் முழுவதும் சிமெண்டு பூசினர். மழைநீர் கிணற்றுக்குப் போகாமல் சாலைக்கு ஓடுகிறது.

பல பயிர் இருந்தால் ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். ஆடி மாதப் பஞ்சத்தில் பலாவும் கிழங்கும் எத்தனையோ குடும்பங்களைக் காத்தன. 2018-இல் கேரள அரசு பலாப்பழத்தை மாநிலப் பழமாக அறிவித்தது.

நாம் செய்யக்கூடியவை

தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி விடுங்கள். தென்னையின் அடியில் சுற்றி 6 அடிக்கு வேறு பயிர் வேண்டாம். மரச்சீனிக்கு வெயில் வேண்டும். அதை நிழலில் நடாதீர்கள். மஞ்சள், இஞ்சி, சேனை ஓரளவு நிழலைத் தாங்கும். மாசி மாதம் சேனை நடலாம். மழைக்கு முன் மிளகு ஏறிய மரத்தின் கிளைகளைக் கழியுங்கள். சருகை எரிக்காமல் செடியடியில் போடுங்கள்.

நல்ல கிழங்கு வகைகளைப் பற்றித் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். அது 1963-இல் தொடங்கப்பட்டது.

ஒரு மரத்தை வெட்டும் முன் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசுங்கள். வெட்ட ஒரு மணி நேரம் போதும். பலா வளர்ந்து காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.