ஒரு டின் எண்ணெய் எத்தனை கிலோ? புது சாஃப்ட்வேருக்கு மாறும்போது கவிழ்க்கும் அளவுக் குழப்பம்

மொத்த எண்ணெய்க் கடையில் போய், “ஒரு டின் என்ன விலைங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “15 கிலோ டின்னா, 15 லிட்டர் டின்னா?” என்று திருப்பிக் கேட்பார்கள். முதலாளிக்கு இந்த வித்தியாசம் தெரியும். குடோனில் டின் அடுக்குபவருக்கும் தெரியும். ஆனால், கடையின் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?

பழைய பில்லிங் சாஃப்ட்வேரை விட்டுவிட்டு, கொள்முதல், விற்பனை, இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் இ.ஆர்.பி. சாஃப்ட்வேருக்கு மாறும் நிறுவனங்கள் சறுக்கும் முக்கியமான இடம் இதுதான். பொருளின் பெயர், விலை, ஜி.எஸ்.டி. எண் எல்லாம் சரியாக ஏறிவிடும். அளவு மட்டும் தப்பாக ஏறும். தப்பு என்று யாருக்கும் உடனே தெரியாது. அதான் சிக்கலே.

சின்ன விஷயம்தானே, இதில் என்ன ஆகிவிடும்?

சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் என்றால் எடை சுமார் 910 கிராம்தான். அப்படியென்றால் 15 லிட்டர் டின்னில் இருப்பது சுமார் 13.65 கிலோ. குடோனில் இப்படி 100 டின் இருக்கிறது; புது சாஃப்ட்வேரில் ‘1 டின் = 15 கிலோ’ என்று போட்டுவிட்டார்கள் என வைத்துக்கொள்வோம். கணக்கில் 1,500 கிலோ. கையில் 1,365 கிலோ. 135 கிலோ எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, அது இருந்ததே இல்லை!

விமானத்தையே தரையிறக்கிய கணக்கு

அளவு முறை மாறும்போது என்ன நடக்கும் என்பதற்கு உலகம் மறக்காத உதாரணம் ஒன்று உண்டு. 1983 ஜூலை 23. கனடாவில் மான்ட்ரியலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குக் கிளம்பியது ஏர் கனடாவின் போயிங் 767. கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்களில் எரிபொருள் கணக்கு பவுண்டில். புதிதாக வந்த 767-ல் மட்டும் கிலோவில்.

அன்று எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அதனால் டேங்கை அளந்து, கையால் கணக்குப் போட்டார்கள். லிட்டரைக் கிலோவாக மாற்ற சுமார் 0.8-ஆல் பெருக்கியிருக்க வேண்டும். பழக்கத்தில் 1.77-ஆல் பெருக்கினார்கள். அது பவுண்டுக்கான எண். தேவை 22,300 கிலோ. டேங்கில் இருந்ததோ ஏறக்குறைய 22,300 பவுண்டு. அதாவது, பாதிக்கும் குறைவு.

நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்றன. கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில், இன்ஜின் இல்லாமலேயே மிதந்து வந்து இறக்கினார் விமானி. 69 பேரும் உயிர் பிழைத்தார்கள். பெருக்கலில் பிழை இல்லை. எண்ணுக்குப் பின்னால் இருந்த அளவுதான் வேறு.

கடையில் எங்கெல்லாம் சறுக்கும்?

*ஒரே அளவுக்குப் பல பெயர்:* பழைய சாஃப்ட்வேரில் ஒருவர் ‘கிலோ’ என்றும், இன்னொருவர் ‘கேஜி’ என்றும், மூன்றாமவர் ‘கேஜிஎஸ்’ என்றும் போட்டிருப்பார். நமக்கு மூன்றும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு மூன்றும் வேறு வேறு.

*ஒரே பெயருக்குப் பல அளவு:* அரிசி மூட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ வரை பொதி செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5% ஜி.எஸ்.டி. வந்தது. அந்த வரம்பைத் தாண்டுவதற்காகவே 26 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்தன. பெயர் அதே ‘மூட்டை’தான்.

*வாங்குவது ஒன்று, விற்பது ஒன்று:* இரும்புக் கடைக்குக் கம்பி டன் கணக்கில் வரும்; சில்லறையில் எண்ணிக்கையில் போகும். 12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் எடை சுமார் 10.66 கிலோ. ஒரு டன்னுக்கு 93, 94 கம்பி வரும். ‘ரவுண்டா 11 கிலோ போட்டுக்கலாம்’ என்று போட்டால்? 93 கம்பி விற்றதும் சாஃப்ட்வேர் 1,023 கிலோவைக் கழித்திருக்கும். வந்ததே 1,000 கிலோதான். இருப்பு மைனஸில் நிற்கும்.

அதான் ஜி.எஸ்.டி. குறியீடு இருக்கே?

இருக்கிறது. ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் பொருள்வாரியான சுருக்கம் தரும்போது, அரசு பட்டியலிட்ட அளவுக் குறியீடுகளில் ஒன்றைத்தான் போட வேண்டும். ஆனால், அந்தப் பட்டியலிலேயே ‘நம்பர்ஸ்’, ‘பீசஸ்’, ‘யூனிட்ஸ்’ என்று மூன்றும் தனித்தனியாக உண்டு. ‘பேக்ஸ்’ என்றும் ஒரு குறியீடு உண்டு. அந்த பேக்கில் எத்தனை கிலோ என்று அது சொல்லாது. வரிக் கணக்குக்கு அது போதும். குடோன் கணக்குக்குப் போதாது.

மாறும் முன் என்ன செய்ய வேண்டும்?

* பழைய சாஃப்ட்வேரில் இருக்கும் எல்லா அளவுப் பெயர்களையும் ஒரே எக்ஸெல் ஷீட்டில் எடுங்கள். ஒரே அர்த்தம் உள்ளவற்றை ஒன்றாக்குங்கள்.
* ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடிப்படை அளவை முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் மிகச் சிறிய அளவில் எப்படி விற்கிறீர்களோ, அதுவே வசதி. எஸ்.ஏ.பி. போன்ற சாஃப்ட்வேர்களில் இருப்பு ஏறிய பிறகு இதை மாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை.
* டின், மூட்டை, பெட்டி போன்றவற்றுக்கான மாற்றுக் கணக்கைப் பொருள்வாரியாக எழுதுங்கள். கடை முழுவதற்கும் ‘1 பெட்டி = 12’ என்று பொதுவாகப் போடாதீர்கள்.
* எத்தனை தசம இடம் வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள்.
* விலை எந்த அளவுக்கு என்று பாருங்கள். கிலோ விலை டின் விலையாக ஏறினால், முதல் பில்லிலேயே நஷ்டம்.
* பாதி வந்து மீதி வரவேண்டிய ஆர்டர்களைத் தனியாகச் சரிபாருங்கள். அவை பழைய அளவில் நிற்கும்.
* கடைசியாக, பத்து இருபது பொருள்களையாவது நேரில் எண்ணி, எடை போட்டு, புது சாஃப்ட்வேர் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

யாரைக் கேட்பது?

இந்தப் பட்டியலை ஐ.டி. ஆள் மட்டும் உட்கார்ந்து போட முடியாது. எந்த கம்பெனி டின் லிட்டர், எது கிலோ என்பது குடோன் ஊழியரின் தலைக்குள் இருக்கிறது. பழைய சாஃப்ட்வேரில் அது எழுதப்படவே இல்லை. அவர் இருந்ததால் எழுதத் தேவையும் இருக்கவில்லை.

அவரைக் கேட்காமல் மாறினால், ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டில் 135 கிலோ, அதாவது 9 டின், குறைவாகத் தெரியும். சந்தேகம் முதலில் விழுவது குடோன் சாவி வைத்திருப்பவர் மேல்தான். ஸ்கிரீனில் உள்ள எண்ணுக்கு முன்னால் அவர் சொல்வது எடுபடாது. ஆகவே, சாஃப்ட்வேர் டெமோவுக்கு உட்காரும் நாளில் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.